பிண்ணாக்கும் மீனும்

செக்கிலே வித்தை இட்டு ஆட்டி எண்ணெயை வடித்தெடுத்தபின் எஞ்சி நிற்கும் சக்கையைப் பிண்ணாக்கு என்பர் தமிழர். தமிழிலும் சிங்களத்திலும் வழங்கிய இச்சொல்லை இலங்கையில் வாழ்ந்த ஆங்கிலத் தோட்டத்துரைமார் 'பூனாக்' எனத் திரித்து வழங்கினர். ஆங்கில அகராதிகளும் தேங்காய்ப் பிண்ணாக்கைக் குறிக்கும் சொல்லாக அதனை ஏற்றுக்கொண்டன. கறவைப் பசுவுக்குத் தீனியாகவும் தோட்டப் பயிருக்கு எருவாகவும் பயன்பட்ட இப்பொருள், அறிவில்லாதவனை ஏசுதற்குரிய சொல்லாகவும் நம்மிடையே நிலைத்துவிட்டது. எனினும் உலக வணிகத்தில் அதற்குள்ள மதிப்பு ஏளனத்திற்குரியதன்று. சோயா அவரை என்னும் பயிர் இன்று கண்டங்கள் பலவற்றில் விளைவிக்கப்படுவது எண்ணெயின் பொருட்டு என்பதினும் பிண்ணாக்கின் பொருட்டு என்பதே பொருந்தும். அவரையின் நிறையில் ஐந்தில் நான்கு பங்கு பிண்ணாக்காகவே எஞ்சுகின்றது.

அப்பிண்ணாக்கை உண்ணும் உயிர்களுள் கோழியும் பன்றியும் முதலிடம் பெறுவன. அவற்றை அடுத்து மீனும் இன்று இடம் பெற்றுள்ளது. 2022-ஆம் ஆண்டில், வரலாற்றில் முதன்முறையாக, கடலிலும் ஆற்றிலும் பிடிக்கப்பட்ட நீர்வாழ் விலங்குகளினும் வளர்த்தெடுக்கப்பட்டவை மிகுந்தன. பிடிக்கப்பட்டவை ஏறத்தாழ 9 கோடியே 10 இலட்சம் தொன். வளர்க்கப்பட்டவை 9 கோடியே 44 இலட்சம் தொன். வளர்க்கப்பட்டவை யாவும் உணவிட்டு வளர்க்கப்பட்டவை அல்ல. சிப்பியும் மட்டியும் நீரிலுள்ள நுண்ணுயிரை வடித்துண்டு தாமே வளர்வன. ஆயினும் பெரும்பாலானவற்றுக்கு மனிதனே உணவிடுகின்றான். அவ்வுணவு யாது? சிறு மீனைப் பிடித்து மாவாக்கிப் பெருமீனுக்கு இடுவதா, நிலத்திலே விளைந்த வித்தின் பிண்ணாக்கை இடுவதா? இது பண்ணையாளர் தம்முள் தீர்த்துக்கொள்ளும் தொழில் வினாவாகத் தோன்றலாம். ஆயின், எளிய மக்கள் உண்ணத்தக்க நெத்தலி எவரைச் சேர்வது, காடு கொன்று நாடாக்கிய நிலம் எதற்குப் பயன்படுவது என்னும் வினாக்களும் இதனுள் அடங்கியுள்ளன. பிண்ணாக்கை மீனுக்கு இடுதல் அண்மைக்கால விஞ்ஞானம் கண்ட புதுமை என எழுதுவோர் உளர். வரலாறு அக்கூற்றை ஆதரிப்பதாக இல்லை.

மீன் வளர்ப்பின் தொட்டில் சீனம் என்பது யாவரும் அறிந்ததே. யூவே நாட்டின் அமைச்சனாயிருந்து, பகைவரை வென்றபின் பதவி துறந்து வணிகனாகிப் பெரும் பொருளீட்டிய பான் லி என்பவன் மீன் வளர்ப்பைப் பற்றி நூலொன்று இயற்றினான் என்பது மரபு. அதன் காலம் கி. மு. ஐந்தாம் நூற்றாண்டு எனக் கூறுவர். கி. பி. ஆறாம் நூற்றாண்டில் எழுந்த வேளாண்மைக் கலைக்களஞ்சியம் ஒன்றில் எடுத்தாளப்பட்ட பகுதியாகவே அந்நூல் இன்று எஞ்சியுள்ளது; அது பான் லியின் நூல்தானா என ஐயுறுவோரும் உண்டு. எவ்வாறாயினும், குளம் வெட்டி அதனுள் கெண்டையை வளர்த்துப் பொருளீட்டலாம் என்னும் எண்ணம் அத்துணைப் பழமையானது என்பதில் ஐயமில்லை.

தாங்கு வமிசத்தார் ஆண்ட காலத்தில் விந்தையான இடையூறொன்று நேர்ந்தது. அரச குடும்பத்தின் பெயர் லி; கெண்டையின் பெயரும் ஒலியால் லி. ஆதலின் கெண்டையைப் பிடித்தலும் விற்றலும் தடைசெய்யப்பட்டன. மீன் வளர்ப்போர் புற்கெண்டை, வெள்ளிக்கெண்டை, பெருந்தலைக்கெண்டை, சேற்றுக்கெண்டை ஆகிய பிற இனங்களை நாடியமைக்கு இத்தடையே காரணம் என்று பொதுவாகக் கூறப்படும். ஒரு சொல்லின் ஒலியொற்றுமை ஒரு நாட்டின் தொழிலையே மாற்றியது என்பது கேட்பதற்கு இனிய கதை. யாங்சி ஆற்றிலும் பிற பேராறுகளிலும் இவ்வினங்களின் குஞ்சுகள் திரள்திரளாகக் கிடைத்தமையும் அதற்குத் துணைபுரிந்திருத்தல் கூடும். காரணம் எதுவாயினும் விளைவு பெரிது. ஒரு குளத்தில் ஓரினம் என்னும் முறை மாறி, ஒரு குளத்திற் பல இனம் என்னும் முறை நிலைபெற்றது.

அம்முறையின் நுட்பம் நோக்கற்பாலது. புற்கெண்டை கரையோரத்துப் புல்லை உண்ணும். அதன் கழிவு நீரை வளப்படுத்தக் கண்ணுக்குப் புலனாகாத பாசி பெருகும். அப்பாசியை வெள்ளிக்கெண்டை வடித்துண்ணும். பாசியை உண்டு வாழும் நுண்ணுயிரைப் பெருந்தலைக்கெண்டை கொள்ளும். அடித்தளத்தில் வீழ்ந்தவற்றைச் சேற்றுக்கெண்டை கிளறியுண்ணும். இக்குளத்திற்குச் சீனக் குடியானவன் வெளியிலிருந்து இட்டவை புல்லும் எருவும் பிண்ணாக்குமே. கடுகினத்து வித்தின் பிண்ணாக்கு, பருத்திவிதைப் பிண்ணாக்கு, சோயாப் பிண்ணாக்கு என ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. சோயா அவரையை நீரில் ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலை, பொரித்துச் சின்னாளே ஆன குஞ்சுகள் நீந்தும் குளத்தின் மீது தெளிப்பதும் அவர்தம் வழக்கம். முத்தாற்றின் கழிமுகத்தில் மீன்குளத்தின் வரம்பிலே மல்பெரி நாட்டி, அதன் இலையைப் பட்டுப்புழுவுக்கும், புழுவின் எச்சத்தையும் கூட்டுப்புழுவையும் மீனுக்கும், குளத்துச் சேற்றை மீண்டும் மல்பெரிக்கும் இட்டனர். எதுவும் வீணாகாத வட்டம் அது. கடல் மீனைப் பிடித்துக் குளத்து மீனுக்கு இடவேண்டிய தேவை அவ்வட்டத்தில் எழவில்லை.

பாரதத்திலும் இஃதே நிலை. மேலைச் சாளுக்கிய வேந்தன் மூன்றாஞ் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் நூல் அரசர்க்குரிய பொழுதுபோக்குகளைத் தொகுத்துக் கூறுமிடத்துத் தூண்டிலிடுதலைத் தனிப் பகுதியாக விரிக்கின்றது. மீனின் இனங்களும் அவற்றுக்கு இரையிடும் முறையும் அங்கே பேசப்படுகின்றன. அரசனுக்கு அது விளையாட்டு. வங்காளத்துக் குடியானவனுக்கு அது வாழ்க்கை. கட்லா, உறோகு, மிர்கால் என்னும் மூவகைக் கெண்டைகளை வீட்டுக் குளத்தில் வளர்த்த வங்காளத்தார், கடுகுப் பிண்ணாக்கையும் அரிசித் தவிட்டையும் சம அளவாகக் கலந்து இடுதலை வழக்கமாகக் கொண்டிருந்தனர். இம்மீன்கள் தேங்கிய நீரில் முட்டையிடா; ஆற்று வெள்ளத்தில் வரும் குஞ்சுகளையே நம்பியிருக்க வேண்டும் என்பது ஒரு பெருங்குறையாயிருந்தது. 1957-ஆம் ஆண்டு யூலை மாதம் 10-ஆந் திகதி, ஒரிசாவில் ஹீராலால் சௌத்ரி என்னும் விஞ்ஞானி, மீனின் கபச்சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் ஏற்றிக் கெண்டையைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். குஞ்சு வேண்டிய அளவு கிடைத்தமையின் உணவின் தேவையும் அதனோடு பெருகியது. அன்றும் அத்தேவையை நிறைத்தவை பிண்ணாக்கும் தவிடுமே.

இவ்விடத்தில் இலுப்பைப் பிண்ணாக்கைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். இலுப்பை விதையின் சக்கை தமிழ் நாட்டில் தலை முழுகுதற்குப் பயன்பட்டது. அது நுரைப்பதற்குக் காரணம் அதிலுள்ள சப்பொனின் என்னும் பொருள். அப்பொருளே மீனுக்கு நஞ்சு. செவுள் வழியாக இரத்தத்திற் கலந்து செங்குருதித் துணிக்கைகளைச் சிதைத்துவிடும். பாரதத்து மீன் வளர்ப்போர் இதனை அறிந்து, குஞ்சு விடுவதற்கு முன்னர் குளத்திலுள்ள விரால் முதலிய கொல் மீன்களை ஒழிப்பதற்கு இலுப்பைப் பிண்ணாக்கை இட்டனர். பத்து இலட்சம் பங்கு நீருக்கு 200 முதல் 250 பங்கு போதும். மடிந்து மிதக்கும் மீனை மனிதர் உண்பதால் தீங்கில்லை. இரண்டு மூன்று வாரத்தில் நஞ்சு முறிந்து, அதே பிண்ணாக்கு எருவாகிப் பாசியை வளர்க்கும். சீனத்தாரும் தேயிலையினத்து விதையின் பிண்ணாக்கை இவ்வாறே கையாண்டனர். ஒரு வித்தின் பிண்ணாக்கு உணவு. இன்னொரு வித்தினது கொலைக்கருவி. பிற்காலத்தில் ஐரோப்பிய ஆய்வுகூடங்கள் பெரும் பொருட்செலவிற் கண்டறிந்த உண்மையொன்றின் விதை இக்குளக்கரைகளிலேயே கிடந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

மேலை நாட்டின் வரலாறு வேறு. அங்கு வளர்க்கப்பட்ட திரௌட்டும் சல்மனும் ஊனுண்ணும் மீன்கள். நுவரெலியாவை அடுத்த மலையோடைகளில் ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கொணர்ந்து விட்டதும் திரௌட்டு மீனே. தூண்டில் விளையாட்டின் பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாட்டில் அமைந்த குஞ்சுப் பண்ணைகள் நெடுங்காலம் மாட்டின் ஈரலையும் மண்ணீரலையும் அரைத்து இட்டு வந்தன. இறைச்சிக் கழிவின் விலை ஏறவே, உலர்ந்த உருண்டை உணவை ஆக்கும் முயற்சி தோன்றியது. மீனுக்கு வேண்டியது யாது என்பதை அறியாமல் அதனை ஆக்குதல் இயலாது. ஜோன் ஹால்வர் என்பவரும் அவர்தம் துணைவரும் சல்மன் இனத்தைக் கொண்டு ஆராய்ந்து, அதன் உடலால் ஆக்க முடியாத அமினோ அமிலங்கள் பத்து என 1957-இல் வெளியிட்டனர். மீனுக்கு வேண்டியது மீனன்று. இப்பத்து அமிலங்களும் விற்றமின்களும் கொழுப்பமிலங்களுமே என்பது இவ்வாராய்ச்சியின் உட்பொருள். அவ்வுட்பொருளை உலகம் உணர்ந்து செயற்பட மேலும் நாற்பது ஆண்டு சென்றது. அதற்குக் காரணம் பேரு நாட்டு நெத்தலி.

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கே ஓடும் ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்தது. ஆழத்திலுள்ள உப்புச் சத்துக்கள் அங்கே மேலெழுந்து வருதலாற் பாசி பெருகி, அதனை உண்ணும் நெத்தலியினம் கணக்கின்றிப் பல்கும். அந்நெத்தலியை உண்ட கடற்பறவைகள் தீவுகளில் இட்ட எச்சம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் வயல்களுக்கு எருவாகச் சென்று பேருவைச் செல்வமாக்கியது. 1950-களில், பறவையின் வயிற்றுக்குச் செல்லுமுன் மீனையே பிடித்து மாவாக்கி விற்போம் எனத் தொழிலதிபர் சிலர் எழுந்தனர். பறவை எச்சத்தை நிருவகித்த நிறுவனம் இதனை எதிர்த்தும் பயனில்லை. அவ்வதிபர்களுட் பெயர் பெற்றவர் லூயிஸ் பஞ்சேரோ ரொசி. சிம்போத்தே என்னும் சிற்றூர் மீன்மாவின் தலைநகராயிற்று. எடைக்கணக்கில் நோக்கின் 1960-களில் உலகின் முதல் மீன்பிடி நாடு பேருவே. 1970-இற் பிடிக்கப்பட்ட நெத்தலி ஒரு கோடியே இருபது இலட்சம் தொன்னை எட்டியது. நான்கு அல்லது ஐந்து தொன் மீனைக் காய்ச்சிப் பிழிந்து உலர்த்தினால் ஒரு தொன் மா கிடைக்கும். அதிற் புரதம் நூற்றுக்கு 65 பங்கு. அந்த மா அக்காலத்திற் பெரும்பாலும் சென்றது மீனுக்கன்று, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள கோழிக்கும் பன்றிக்குமே. பேருவின் மலைநாட்டுக் குழந்தைகள் புரதக் குறைவால் நலிந்திருக்க, அந்நாட்டுக் கடலின் புரதம் கப்பலேறி அயல்நாட்டுக் கோழியின் கூட்டிற்குச் சென்றது. இதனைப் பொருளாதார வெற்றி என எழுதிய நூலாசிரியர் பலர். அதன் மறுபக்கத்தை எழுதியோர் சிலரே.

வீழ்ச்சி விரைந்து வந்தது. 1972-ஆம் ஆண்டின் முதல் நாளிலே பஞ்சேரோ கொலையுண்டார். அதே ஆண்டில் எல் நினோ என வழங்கும் வெந்நீர்ப் பெயர்ச்சி கரையை வந்தடைந்தது. குளிர்நீர் மேலெழாமற் போகவே நெத்தலி குன்றியது. எஞ்சியதையும் விடாது பிடித்தமையால் இனம் பெருகவும் வழியில்லை. 1973-இல் அறுவடை இருபது இலட்சம் தொன்னிலும் குறைந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அரசு அத்தொழிலைத் தேசியமயமாக்கியது. ஆயின் மீனின்றித் தேசியமயமாக்கியது படகையும் ஆலையையும் கடனையுமே.

பேருவின் மீன்மா குறைந்ததும் உலகின் கால்நடைத் தீனி வணிகர் யாவரும் சோயாப் பிண்ணாக்கை நாடினர். விலை பன்மடங்கு ஏறியது. தன்னாட்டு இறைச்சி விலை ஏறுவதைக் கண்டு அஞ்சிய அமெரிக்க சனாதிபதி நிக்சன் 1973 யூன் 27-ஆந் திகதி சோயா அவரை, பருத்திவிதை ஆகியவற்றின் ஏற்றுமதியைத் தடைசெய்தார். தடை சின்னாளே நிலவியது. எனினும் யப்பான் அதனை மறக்கவில்லை. சோயாக்கட்டியும் சோயாக்குழம்பும் அந்நாட்டாரின் அன்றாட உணவு. அதற்குரிய அவரையிற் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்தே வந்து கொண்டிருந்தது. ஒரே நாட்டை நம்பியிருத்தலின் தீங்கை உணர்ந்த யப்பான், பிரேசிலின் நடுமேட்டு நிலமாகிய செராடோவைச் சோயா விளைநிலமாக்குதற்குப் பொருளும் அறிவும் உதவ முன்வந்தது; அத்திட்டம் 1979-இற் செயற்படத் தொடங்கியது. அமிலத் தன்மை மிக்க அந்நிலத்திற்குச் சுண்ணாம்பு இட்டுத் திருத்தினர்; குறும்பகற் காலத்திற்கேற்ற சோயா வகைகளை ஆக்கினர். பேருவின் கடலில் வெந்நீர் வந்தமையால் பிரேசிலின் புதர்க்காடு வயலாயிற்று என்று கூறின் அது மிகைபோலத் தோன்றும். நிகழ்ச்சித் தொடரை நோக்கின் மிகையன்று.

சோயா அவரை பச்சையாக உண்ணத்தக்கதன்று. வேகவைத்த சோயாவை உண்ட எலி வளர்வதையும் பச்சைச் சோயாவை உண்ட எலி வளராமையையும் ஒஸ்போண், மெண்டல் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் 1917-இற் காட்டினர். புரதத்தைச் செரிக்கச் செய்யும் திரிப்சின் என்னும் நொதியத்தைத் தடுக்கும் பொருளொன்று அவரையில் இருப்பதே அதற்குக் காரணம். அப்பொருளை 1940-களின் நடுவில் குனிட்ஸ் என்பவர் பளிங்குருவிற் பிரித்தெடுத்தார். சூடாக்கினால் அது அழியும். சீனக் குடியானவனும் யப்பானியச் சமையற்காரனும் இக்காரணத்தை அறியாமலே அவரையை வேகவைத்தும் புளிக்கவைத்தும் உண்டனர்.

பிண்ணாக்கின் மற்றொரு தீங்கு 1960-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் புலப்படாமல் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில், அதாவது நம்மவர் கச்சான் என்னும் கடலையின் பிண்ணாக்கில், பூத்திருந்த பங்கசு உண்டாக்கிய நஞ்சே அதற்குக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. அப்பங்கசின் பெயரையொட்டி அந்நஞ்சு அபிளாடொக்சின் எனப் பெயர்பெற்றது. ஏறக்குறைய அதே வேளையில் அமெரிக்கப் பண்ணைகளில் வானவில் திரௌட்டு மீன்களின் ஈரலிற் புற்றுநோய் பரவலாகக் காணப்பட்டது. உலர்ந்த உருண்டை உணவிற் சேர்த்த பருத்திவிதைப் பிண்ணாக்கிலும் அதே நஞ்சு இருந்தது. பருத்திவிதைக் கொழுப்பிலுள்ள ஒருவகை அமிலம் அந்நஞ்சின் வலியை மேலும் கூட்டியது என ஒரெகன் மாநில ஆய்வாளர் கண்டனர். நூறு கோடிப் பங்கு உணவில் ஒரு பங்கு அளவான நஞ்சும் அம்மீனுக்குத் தீங்கு விளைக்கும். மனிதனின் உணவுத் தானியங்களில் அபிளாடொக்சினைச் சோதித்து வரையறுக்கும் சட்டங்கள் இன்று நாடுகள் தோறும் உள. அச்சட்டங்கள் எழுதற்கு உயிர்நீத்தவை வான்கோழியும் திரௌட்டும் எனலாம். ஈரமான களஞ்சியத்திற் பிண்ணாக்கை மூட்டையாக அடுக்கி வைக்கும் எவரும் இவ்வரலாற்றை மனத்திற் கொள்ளுதல் நன்று.

பிண்ணாக்கு மட்டும் ஊட்டி மீன் வளர்க்கலாம் என்பதை மேலை நாட்டில் முதலில் நிறுவியது மிசிசிப்பி மாநிலம். பருத்தி விளைந்த தாழ்நிலத்தில் 1960-களின் நடுவிற் குளம் வெட்டிப் பூனைமீன் என்னும் கெளிறினத்தை வளர்க்கத் தொடங்கினர். அதன் உணவில் ஏறத்தாழப் பாதி சோயாப் பிண்ணாக்கு; எஞ்சியதிற் பெரும்பகுதி சோளம்; மீன்மா மிகச் சிறிதளவே. கெளிறு எதனையும் உண்ணும் இயல்பினது. ஆதலின் இது எளிதாயிற்று.

சல்மனின் நிலை அவ்வாறன்று. 1970-இல் நோர்வேயின் ஹித்ரா தீவில் குரொன்ற்வெட் என்னும் சகோதரர் இருவர் கடலில் வலைக்கூடு அமைத்துச் சல்மன் குஞ்சுகளை வளர்க்க முற்பட்டனர். இருபது ஆண்டில் அது பெருந்தொழிலாயிற்று. 1990-இல் நோர்வே நாட்டுச் சல்மன் உணவில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு மீன்மாவும் மீனெண்ணெயுமே. அதாவது பேருவின் நெத்தலி இப்பொழுது கோழியை விட்டு வடகடல் மீனின் வயிற்றை நாடியது. 1998-இல் எல் நினோ மீண்டும் வந்து நெத்தலி அறுவடையை வீழ்த்தியது. 2000-ஆம் ஆண்டில் ரோசமண்ட் நெய்லர் என்னும் அம்மையாரும் பிறரும், ஊனுண்ணும் மீனை வளர்த்தல் உலகின் மீன் தொகையைப் பெருக்குவதா குறைப்பதா என்னும் வினாவைப் புகழ்பெற்ற விஞ்ஞான ஏடொன்றில் எழுப்பினர். கிலோ ஒன்று விளைவிக்கப் பல கிலோ பிடித்தல் வளர்ப்பு ஆகுமா என்பதே அவ்வினாவின் சாரம். மாட்டுப் பித்தநோயின் அச்சத்தால் ஐரோப்பா 2001-இல் விலங்குக் கழிவின் மாவையும் தீனியிலிருந்து விலக்கியது. மீனுக்கு அவ்விலக்குத் தளர்ந்தது 2013-இலேயே. 2006-இல் மீன்மா விலை தொன்னுக்கு ஆயிரம் அமெரிக்க டொலரைத் தாண்டி நின்றது. அறநெறியார் எழுப்பிய வினாவுக்கு வணிகர் செவிசாய்த்தது விலை ஏறிய பின்னரே என்பதை மறைத்தற்கில்லை.

அதன்பின் மாற்றம் விரைந்தது. 2013-இல் நோர்வேச் சல்மன் உணவிற் கடல்தரு பொருள் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்காகக் குறைந்தது. சோயாப் புரதச் செறிவு, கோதுமைப் பசை, கடுகினத்து எண்ணெய் ஆகியவை அவ்விடத்தை நிரப்பின. கடுகினத்து வித்திலுள்ள கேடான பொருள்களைக் குறைத்துக் கனடாவில் பால்டூர் ஸ்டெபான்சன், கீத் டௌனி என்போர் உருவாக்கிய புது வகையே அவ்வெண்ணெயை எங்கும் ஏற்புடையதாக்கியது.

ஆயினும் மீனின் குடல் வணிகரின் கணக்கிற்கு உடனே இணங்கவில்லை. கொழுப்பு நீக்கிய சோயாப் பிண்ணாக்கை மிகுதியாக உண்ட சல்மனின் பின்குடல் அழற்சியுறுதலை 1990-களில் ஆய்வாளர் கண்டனர். திரிப்சினைத் தடுக்கும் பொருளை வெப்பத்தால் அழித்த பின்னரும் அழற்சி நின்றபாடில்லை. காரணத்தைத் தேடிச் சென்றோர் கண்ட பொருள்களுள் முதன்மையானது சோயாவிலுள்ள சப்பொனின். இலுப்பைப் பிண்ணாக்கிற் குளத்து மீனைக் கொன்ற அதே வகுப்புப் பொருள்! வெப்பத்திற்கு அழியாத அப்பொருளை மதுசாரத்தாற் கழுவி நீக்கிய செறிவே சல்மனுக்கு ஏற்றதாயிற்று. மேலும், பிண்ணாக்கிலுள்ள பொசுபரசிற் பெரும்பகுதி பைற்றிக்கமிலத்திற் கட்டுண்டு கிடப்பதால் மீனுக்குப் பயன்படாமல் நீரிற் கலந்து மாசாகும். அதனை விடுவிக்க நொதியம் சேர்க்க வேண்டியதாயிற்று. சோயாவில் மெதியோனீன் குறைவு, எள்ளில் இலைசீன் குறைவு, நிலக்கடலையில் இரண்டும் குறைவு. ஆதலின் பலவற்றைக் கலந்து, குறைந்த அமிலத்தைத் தனியே சேர்த்து நிறைவு செய்தல் வேண்டும்.

சல்மனின் இயல்பும் மாறியது. ஸ்கொத்துலாந்தில் வளர்த்த சல்மனின் ஊனில் இருதயத்திற்கு நலந்தரும் நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்கள் 2006-க்கும் 2015-க்கும் இடையிற் பாதியாகக் குறைந்தன என ஸ்டேர்லிங் பல்கலைக்கழகத்தார் கணித்தனர். உண்பது எதுவோ அதுவாகவே உடலும் ஆகும் என்பது மீனுக்கும் பொருந்தும். அவ்வமிலங்களை முதலில் ஆக்குவது மீனன்று, கடற்பாசியே. ஆதலின் பாசியையே வளர்த்து எண்ணெய் எடுக்கும் தொழில் தோன்றியுள்ளது.

புரதத்திற்குக் கிராக்கி மிகும்பொழுது கலப்படமும் மிகும். 1883-இற் கொப்பன்ஹேகனில் கெல்டால் என்பவர் கண்ட முறைப்படி, பொருளொன்றிலுள்ள நைதரசனை அளந்து அதன்மூலம் புரதத்தைக் கணித்தல் வழக்கம். 2007-இற் சீனத்திலிருந்து வட அமெரிக்காவிற்குச் சென்ற தானியப் புரத மாவில் மெலமீன் என்னும் பொருள் கலந்திருந்தது வெளிப்பட்டது. அதில் நைதரசன் மிகுதி, புரதம் இல்லை. நாயும் பூனையும் மடிந்தன. மீனுணவிலும் அது சென்று சேர்ந்திருந்தது. அளவுகோலை அறிந்தவன் அதனை ஏமாற்றவும் அறிவான்.

மீன்மாத் தொழில் இதனால் ஒழிந்துவிடவில்லை. மேற்கு ஆபிரிக்காவின் செனகல், காம்பியா, மொரித்தானியா ஆகிய நாடுகளின் கரையிற் புதிய ஆலைகள் எழுந்தன. அங்கே சாளையினத்து மீனை வாங்கிப் புகையூட்டி உள்நாட்டிற்குக் கொண்டு சென்று விற்ற பெண்கள், ஆலையோடு போட்டியிட்டு வாங்க இயலாமல் தொழில் குன்றினர். பேருவின் கதை வேறு கரையில் மீண்டும் நிகழ்வதை இதிற் காணலாம். மறுபுறம், பிண்ணாக்கு நிலத்தில் விளைவது, நிலமும் எல்லையற்றதன்று. செராடோவின் வரலாறு அதற்குச் சான்று. கடலைக் காப்பதாகக் கூறிக் காட்டை அழித்தல் கணக்கை ஓரேட்டிலிருந்து மற்றோரேட்டிற்கு மாற்றுவதன்றி வேறன்று.

இலங்கையின் குளங்கள் இவ்வழக்கில் தனிநிலை வகிப்பன. ஆபிரிக்க மீனாகிய திலாப்பியா 1952-இல் இந்நாட்டிற்குக் கொணரப்பட்டது. பராக்கிரம சமுத்திரம் முதலிய பழைய நீர்ப்பாசனக் குளங்களில் அது பெருகி, உள்நாட்டு மக்களின் மலிவான புரதமாயிற்று. அதற்கு ஒருவரும் பிண்ணாக்கு இடவில்லை. குளத்தின் பாசியும் மட்கிய இலைதழையுமே அதன் உணவு. அயல்மீனைக் குளத்தில் விடுதலால் நாட்டு மீனுக்கு நேரும் இடர் பற்றிய வாதம் வேறு. உணவுக் கணக்கை மட்டும் நோக்கின் இதனினும் சிக்கனமான மீன் அரிது.

பிண்ணாக்கு மீன் வளர்ப்பின் பெருங்காட்சியைக் காண விரும்புவோர் ஆந்திர நாட்டின் கொல்லேறு ஏரியை அடுத்த பகுதிக்குச் செல்லுதல் வேண்டும். கிருஷ்ணை கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட அத்தாழ்நிலத்தில் 1970-களின் பின்னர் நெல்வயல்கள் பல கெண்டைக் குளங்களாயின. ஏரியினுள்ளும் வரம்பு கட்டியமையால் 2006-இல் அரசு அவற்றுட் பலவற்றை உடைத்தது. ஏரிக்கு வெளியே தொழில் தொடர்ந்தது. அங்கு உறோகு மீனுக்கு இடப்படுவது எண்ணெய் நீக்கிய தவிடும், நிலக்கடலைப் பிண்ணாக்கும், பருத்திவிதைப் பிண்ணாக்கும். அவற்றை நீரிலே வாரி இறைத்தால் பாதி வீணாகும். ஆகவே அப்பகுதியார் பழைய உரச்சாக்குகளில் அடியிலே துளையிட்டு, உணவை நிரப்பி, குளத்தில் நாட்டிய மூங்கிற் கழிகளிற் கட்டித் தொங்கவிடுவர். மீன்கள் சாக்கைச் சூழ்ந்து துளை வழியே உறிஞ்சி உண்ணும். சில மணி நேரத்தின் பின் தோணியிற் சென்று சாக்குகளைத் தூக்கிப் பார்ப்பர். வெறுமையாயின் மறுநாள் சிறிது கூட்டுவர், மிச்சமிருப்பின் குறைப்பர்.